“ஸ்கிரீன் சொன்ன அளவுதான்”: முகத்தில் தழும்பு விழுந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: வணக்கம் மேடம். திருச்சியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 27. தை மாதம் கல்யாணம். தாடையிலும் கன்னத்திலும் உள்ள ரோமத்தை லேசரில் எடுக்க, ஆவணியில் சென்னையில் ஓர் அழகு சிகிச்சை கிளினிக்குக்குப் போனேன். ஆறு சிட்டிங்குக்கு 42,000 ரூபாய் கட்டினேன். டேப்லெட்டில் முகத்தைப் படம் பிடித்து, “ஏஐ உங்க ஸ்கின்னைப் பார்த்துத் திட்டம் போட்டுடும்” என்றார்கள். டாக்டரை நான் பார்க்கவே இல்லை. இரண்டாவது சிட்டிங்கில் தாங்க முடியாத எரிச்சல். சொன்னபோது, கருவியைப் பிடித்திருந்த பெண் “ஸ்கிரீன் சொன்ன அளவுதான் வெச்சிருக்கேன், அப்படித்தான் இருக்கும்” என்றார். மறுநாள் கொப்புளம். இப்போது இரு கன்னத்திலும் பட்டை பட்டையாகக் கருமை. கேட்டால், “சாஃப்ட்வேர் போட்ட திட்டம், நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்கிறார்கள். மீதி நான்கு சிட்டிங்கோடு இன்னும் இரண்டு இலவசமாகத் தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்று கூப்பிடுகிறார்கள். முதல் சிட்டிங் முடிந்ததும் எடுத்த படத்தை என்னைக் கேட்காமல் இன்ஸ்டாகிராமிலும் போட்டிருக்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முடியும் அம்மா. அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அதில் “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று ஒரு வரி நிச்சயம் இருக்கும். கருமை ஆறும் முன் இன்னொரு லேசருக்கும் அங்கே முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று கிளினிக் தந்த கலர் பிரிண்ட். உங்கள் முகத்தின் மேல் பச்சைக் கோடுகள் வலைபோல ஓடுகின்றன. கீழே மூலையில், கவனிக்காவிட்டால் கண்ணில் படாத எழுத்தில், “ஸ்கின் டைப் 3” என்று இருக்கிறது. இன்னொன்று திருச்சித் தோல் மருத்துவரின் ஓபி சீட்டு. அவர் கைப்பட எழுதியிருப்பது “டைப் 5”. உங்கள் வழக்கு முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் இந்த அளவுகோலுக்கு 1975-இல் அடித்தளம் இட்டவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக். வெயிலில் நின்றால் உங்கள் தோல் சிவந்து எரிகிறதா, கறுக்கிறதா என்று கேட்டு முடிவு செய்வது அது. நம் ஊர்த் தோல் பெரும்பாலும் 4, 5, 6-இல் வரும். லேசர் தேடிப் போவது முடியின் வேரில் உள்ள மெலனின் என்ற நிறமியை. தோலிலும் மெலனின் அதிகமிருந்தால் அதுவும் வெப்பத்தை உள்வாங்கிக்கொள்ளும். அதனால்தான் கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் பாதுகாப்பானது என்று கொள்கிறார்கள். ஆற்றலைக் குறைத்து, முதலில் ஓரிடத்தில் சோதனையாக வைத்து, சில நாள் பொறுத்துப் பார்க்கிறார்கள். உங்களுக்கு அந்தச் சோதனை நடந்ததாகத் தாளில் எங்கும் இல்லை. வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம் உங்களிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர் மருத்துவர்.

“மென்பொருள் தவறும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கிளினிக் தரப்பு வாதிடும். 2018-இல் ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவன மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம், கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. அது வேறு வேலைக்கான மென்பொருள்தான். ஆனால் கறுத்த முகத்தை இயந்திரம் தவறாகப் படிக்கக்கூடும் என்பது உலகத்துக்குத் தெரிந்து பல வருடம் ஆகிறது. தமிழ்நாட்டில் கிளினிக் நடத்துகிறவர் அது தெரியாது என்று சொல்ல முடியாது.

இனி சட்டம். காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவை என்று 1995-இலேயே வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிளினிக் எதை நம்பித் திட்டம் போட்டது என்பது அதன் சொந்த விஷயம். ஸ்டெதாஸ்கோப் கெட்டுப்போனால் அதன் மேல் பழி போட முடியுமா? மத்திய அரசின் 2020 டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறை, செயற்கை நுண்ணறிவு நோயாளிக்கு ஆலோசனையோ மருந்தோ நேரடியாகத் தரக்கூடாது, மருத்துவருக்கு உதவலாம், இறுதி முடிவு மருத்துவருடையது என்கிறது. அது தொலைவழி மருத்துவத்துக்கு எழுதப்பட்டது. நேரடி சிகிச்சைக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும் நுகர்வோர் ஆணையத்தில் நான் அதை எடுத்து வைப்பேன். தொலைவிலேயே கூடாது என்றால், பக்கத்து அறையில் மருத்துவர் இருக்க வேண்டிய இடத்தில் எப்படிக் கூடும்?

கையெழுத்தைப் பற்றி நீங்கள் அதிகம் பயப்படுவது தெரிகிறது. பயப்பட வேண்டாம். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சை என்ன, அதன் பலன் என்ன, மாற்று வழி என்ன, பெரிய ஆபத்து என்ன என்று போதிய அளவு சொன்ன பிறகு வாங்குவதுதான் செல்லத்தக்க ஒப்புதல் என்று தீர்ப்பளித்தது. ரிசப்ஷனில் பில்லோடு சேர்த்து நீட்டிய அச்சடித்த படிவத்தில், தோல் கறுக்கலாம் என்று ஒரு சொல்லும் இல்லை. உயிர் போகிற அவசரமும் இல்லை. உட்கார்ந்து விளக்க அவர்களுக்கு நேரம் இருந்தது.

வழக்கைத் திருச்சியிலேயே போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்ய இடம் தருகிறது. வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்கு பஸ் ஏற வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். தழும்பு ஆற ஆற சாட்சியும் மங்கும். இன்றிலிருந்து வாரம் ஒருமுறை, ஒரே ஜன்னலோரத்தில், பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னாலும், உங்கள் வழக்கில் அந்த எழுத்துக் கருத்து பெரிய பலம்.

மென்பொருள் நிறுவனத்தையும் எதிர்தரப்பில் சேர்க்கலாம். ஆனால் வழக்கை அதன் மேல் நிறுத்தினால் வருடக்கணக்கில் இழுக்கும். கருவியைப் பிடித்த பெண்ணை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அவர் சம்பளத்துக்கு நின்றவர். அவர் செய்ததற்கு முதலாளி பொறுப்பு. பதிவு பெற்ற மருத்துவர் மேற்பார்வை இருந்ததா என்பதை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுதி விசாரிக்கச் சொல்லுங்கள். ரசீதில் பெயருள்ள டாக்டர் மேல் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும் தனியாகப் புகார் எழுதுங்கள். போலீஸ் புகாரை இப்போதைக்கு நான் சொல்ல மாட்டேன். மருத்துவர் மேல் குற்ற வழக்குக்கு உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பில் வைத்த வரம்பு மிக உயரம்.

இன்ஸ்டாகிராம் படம் தனிக் குற்றச்சாட்டு. மருத்துவர்களுக்கான 2002 நெறிமுறைகள், அடையாளம் தெரியும் படத்தை அனுமதியின்றி இதழ்களில் வெளியிடக் கூடாது என்கின்றன. விளம்பரத்துக்குப் போட்டதை அதைவிட லேசாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கடிதம். அந்த 2002 நெறிமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்தில் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். இன்றே மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். அதில் இந்த வரிகள் அப்படியே இருக்கட்டும்: “டேப்லெட்டில் எடுத்த என் எல்லாப் படங்கள், மென்பொருள் அன்று கொடுத்த முழு அறிக்கை, இரண்டு சிட்டிங்கிலும் லேசரில் வைத்த அலைநீளம், ஆற்றல், துடிப்பு அளவு, கருவியை இயக்கியவரின் தகுதி, திட்டத்தைச் சரிபார்த்த மருத்துவரின் பெயர், பதிவு எண் ஆகியவற்றின் நகல் வேண்டும். இவற்றில் எதையும் அழிக்கவோ திருத்தவோ கூடாது.”

நகலை எனக்கும் அனுப்புங்கள். அவர்கள் பதில் வந்த பிறகு, வராவிட்டாலும், லீகல் நோட்டீஸை அதை வைத்தே எழுதலாம்.