அரசர் போர்க்களத்தில், ராணி அரண்மனையில்: ஓலை யார் பெயரில் போகும்?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறேன். கொங்கு நாட்டை மனதில் வைத்து ஒரு கற்பனை நாவல் எழுதி வருகிறேன். அரசர் போருக்குப் போய்விடுகிறார், ராணி நாட்டைப் பார்த்துக்கொள்கிறாள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வாய்க்கால் தகராறில் அவள் தீர்ப்புச் சொல்லி, தன் பெயரில் ஓலை அனுப்புகிறாள். "அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் நடக்காது" என்கிறார் கையெழுத்துப் பிரதியைப் படித்த ஒரு நண்பர். தன்னிடம் இதற்கு ஆதாரமாக ஒரு செப்பேடு இருப்பதாகச் சொல்லி இன்னொருவர் இருபதாயிரம் ரூபாய் கேட்கிறார். என்ன செய்வது? ராணி வாள் ஏந்திப் படை நடத்தலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: அம்மணி, அந்த இருபதாயிரத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் ராணி தாராளமாக ஆளலாம், வாய்க்கால் தகராறில் தீர்ப்பும் சொல்லலாம். ஆனால் ஓலை அவள் பெயரில் போகக் கூடாது. அரசர் உயிரோடு இருக்கிறார் அல்லவா? அவர் எந்த எல்லையில் நின்று போரிட்டாலும் நாட்டில் ஓடுவது அவருடைய ஆட்சி ஆண்டுதான். நம் கல்வெட்டுகள் எல்லாம் அப்படித்தான் தொடங்கும்: இன்ன மன்னருக்கு யாண்டு இத்தனையாவது. குந்தவை தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்தவை அவர் பெயரிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அங்கே போட்டிருக்கும் ஆண்டு தம்பி ராஜராஜனுடையது. ராஜராஜனின் தேவி உலகமாதேவி திருவையாற்றில் கோயிலே கட்டினார். அங்கும் ஆண்டு அரசனுடையதுதான். கொடை கொடுப்பவர் பெயர் வேறு, ஆட்சிக்குரியவர் பெயர் வேறு. உங்கள் நண்பருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது, அது சரிதான். ஆனால் "நடக்காது" என்று அவர் சொன்னது அதிகப்படி.

ராணி மங்கம்மாள், வேலு நாச்சியார் என்று உடனே யாராவது எடுத்துக்காட்டு சொல்வார்கள். மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்டது பேரனுக்காக. கணவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வேலு நாச்சியாரின் கணவர் 1772-ல் காளையார்கோவிலில் கொல்லப்பட்டார். நாச்சியார் சிவகங்கையை மீட்டது 1780-ல். இருவருமே கணவரை இழந்த பிறகு ஆட்சிக்கு வந்தவர்கள். உங்கள் ராணியின் நிலை வேறு, அதனால் இந்த உதாரணங்கள் உங்களுக்கு உதவாது.

அப்படியானால் ஓலையை எப்படி எழுதுவது? இதற்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. கரூரில் கொங்குச் சோழர் ஆணை ஒன்று கல்லில் இருக்கிறது. வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு, அதாவது கொல்லர், தச்சர் போன்ற கைவினைஞர்களுக்கு எழுதியது. பதினைந்தாவது ஆண்டு ஆடி மாதம் முதல் அவர்கள் தங்கள் வீட்டு நல்லது கெட்டதுகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்கிறது அந்த ஆணை. செருப்புப் போடவும் சுவர் பூசவும் அரசாணை தேவைப்பட்டிருக்கிறது என்பதை நாவல் எழுதுபவர் ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்க வேண்டும். உங்கள் ராணியிடம் வரும் வழக்குகள் இப்படிப்பட்டவையாகத்தான் இருக்கும்.

நான் சொல்ல வந்தது அந்த ஆணையின் முதல் வரியை. அதில் அரசனின் இயற்பெயரே கிடையாது. "கோனேரின்மை கொண்டான்" என்று மட்டும் தொடங்குகிறது. அரசாணைகளுக்குச் சோழரும் பாண்டியரும் பொதுவாக வைத்துக்கொண்ட முகப்பு அது. ஆணையைப் பிறப்பித்தது எந்த அரசன் என்று ஆய்வாளர்கள் திண்டாடுவது இதனால்தான். உங்களுக்கோ இது வரப்பிரசாதம். ராணி வாயால் சொல்கிறாள், ஓலை அரச பீடத்தின் பெயரில் போகிறது. பொய்யும் இல்லை, மீறலும் இல்லை.

மூன்றாம் அத்தியாயத்து ஓலையை ஏறக்குறைய இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: "கோனேரின்மை கொண்டான், கீழ்மடை நாட்டாருக்கு. யாண்டு ஒன்பதாவது ஆடி மாதம் முதல் கடைமடைக்கு முறைத் தண்ணீர் விடக் கடவார்களாகச் சொன்னோம். இப்படிக்கு நம் ஓலை கைக்கொண்டு கல்லிலும் செம்பிலும் வெட்டிக் கொள்க." கீழே அதிகாரிகளின் கையெழுத்து வர வேண்டும்: "இவை இன்னார் எழுத்து" என்று ஒருவர் கீழ் ஒருவராக.

அந்தக் கையெழுத்துகளைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அரசர் வாய்மொழியாகச் சொல்வதைத் திருமந்திர ஓலை என்னும் அதிகாரி எழுதுவார். மேலதிகாரிகள் ஒப்பம் இடுவார்கள். வரி சம்பந்தப்பட்டதாக இருந்தால் வரிப்பொத்தகத்தில் ஏற வேண்டும். அதற்கப்புறம்தான் ஊருக்குப் போகும். அரசர் ஊரில் இருந்தால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அவர் இல்லாதபோது, ஓலை எழுதுவோருக்குத் தலைவரான ஓலைநாயகம் ஒருவர் "அரசர் வரட்டும், அப்புறம் எழுதுகிறேன்" என்று எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டால் ராணி என்ன செய்வாள்? சிம்மாசனத்தில் யார் உட்காருவது என்ற சண்டையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். கையெழுத்துப் போட மறுக்கும் ஒரு கிழவரை எழுதுங்கள், அதுதான் உண்மையான ஆட்சிச் சிக்கல். களஞ்சியத்துச் சாவி, கோட்டைக் கதவு, கணக்குப் பொத்தகம் இந்த மூன்றையும் பிடித்திருப்பவர்கள் அவள் பக்கம் இருந்தால் அவள் ராணி. இல்லாவிட்டால் அந்தப்புரத்து விருந்தாளி.

முத்திரை விஷயம் சுருக்கமாக. அரசர் முத்திரையைக் களத்துக்குக் கொண்டுபோனாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு முத்திரை இருந்தால் கதை உங்கள் கையை மீறிப் போகும்.

வாய்க்கால் தகராறை அவள் தனியாகத் தீர்க்கவும் வேண்டாம். கொங்கு 24 நாடுகளாகப் பிரிந்திருந்தது என்பது மரபு. ஒவ்வொரு நாட்டுக்கும் நாட்டார் என்னும் சபை உண்டு. தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் இருக்கும் பகையை அரண்மனையிலிருந்து யாரும் தீர்த்ததில்லை. பவானியில் அணை கட்டிக் கொடுமுடிப் பக்கம் வரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகும் காலிங்கராயன் வாய்க்கால் 1283-ல் முடிந்தது என்பார்கள். அதன் கரையில் இன்றைக்கும் முறைத் தண்ணீர் விட்டுக்கொள்ளும் ஊர்களுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். மதகுப் பலகையை யார் தூக்குவது, எந்த நேரத்தில் இறக்குவது என்பதற்கு அவர்களுக்குள் நடக்கும் பேச்சைக் கேட்டாலே ஒரு அத்தியாயம் கிடைக்கும். நாட்டார் கூடி முடிவுசெய்து வரட்டும், ராணி அதற்கு ஓலை கொடுக்கட்டும். அவள் கெட்டிக்காரி என்பது அதில்தான் தெரியும்.

இப்போது ஒரு விதிவிலக்கு. இதை விளக்கமாகவே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் நாவல் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும் என்று நினைக்கிறேன். அரசர் களத்தில் இறந்துவிட்டால்?

வெளிநாட்டில் வேலைக்குப் போனவர் மனைவிக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதில்லையா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்த அன்றே அந்தப் பவரும் போய்விடும். அரசரின் பேரில் ஆளும் ராணிக்கும் அதே கதிதான். அதற்குப் பிறகு அவள் ஆள வேண்டுமானால் அரசரின் மனைவியாக முடியாது, இளவரசனின் தாயாகத்தான் முடியும். இரண்டும் வேறு வேறு உரிமை. ஓலையின் ஆண்டுக் கணக்கே மாறிவிடும்.

செய்தி உடனே வராது என்பது அடுத்தது. சோழர் வரலாற்றில் அரசன் களத்திலேயே இறந்த நிகழ்ச்சி உண்டு. 1054-ல் கொப்பத்துப் போரில் முதலாம் ராஜாதிராஜன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் அந்தக் களத்திலேயே முடிசூட்டிக்கொண்டு போரைத் திருப்பினான். அரண்மனையில் இருக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். கொப்பம் இருப்பது வெகு தூரத்தில், கன்னட நாட்டில். ஆள் ஓடிவந்து சொல்லும் வரை இங்கே பழைய அரசனின் ஆண்டு போட்டுத்தான் ஓலை போய்க்கொண்டிருந்திருக்கும். அங்கே புது அரசன் வந்துவிட்டான். உங்கள் ராணிக்கும் இதே நிலை வரலாம்: அவள் வாய்க்கால் ஓலையில் ஒன்பதாவது யாண்டு என்று போட்ட அன்றைக்கு ஒன்பதாவது யாண்டுக்காரர் உயிரோடு இல்லை, கொழுந்தன் தலையில் முடி இருக்கிறது.

அந்த ஓலை செல்லுமா? செல்லும்படி எழுதுங்கள். அதற்கு ஆதாரம் உண்டு. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் வாயால் கொடுத்தான். அதைச் செப்பேட்டில் வெட்டி நிலைநிறுத்தியது மகன் ராஜேந்திரன். முன்னவர் சொல்லைப் பின்னவர் உறுதிசெய்தால் அது நிற்கும். ஆக, கொழுந்தன் ஊர் திரும்பியதும் அண்ணி கொடுத்த ஓலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உறுதிசெய்யப் போகிறானா, கிழித்துப் போடப் போகிறானா என்பதுதான் உங்கள் கடைசிப் பகுதி. கையெழுத்துப் போட மறுத்த கிழவர் அப்போது எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதையும் முடிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, செப்பேட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆட்களைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் போதாது. "எங்கள் வம்சத்துச் செப்பேடு, உங்களுக்காகத்தான் காட்டுகிறேன்" என்று தொடங்குவார்கள். போட்டோ எடுக்க விட மாட்டார்கள். பாதியைக் காட்டி மீதிக்குப் பணம் கேட்பார்கள். பழைய பித்தளைத் தகட்டில் நேற்று வெட்டி, புளி போட்டுக் கறுக்க வைத்த எழுத்துக்கும் நிஜத்துக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த நம்பிக்கையில்தான் வருகிறார்கள். செப்பேடு போலி என்றால் உங்கள் பணம் போச்சு. நிஜம் என்றால் இன்னும் ஆபத்து. 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை விற்க உரிமம் வேண்டும் என்கிறது 1972-ம் ஆண்டுச் சட்டம். மண்ணுக்கடியில் கிடைத்த புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. கோர்ட்டு வாசலில் நிற்பதற்கா நாவல் எழுதுகிறீர்கள்? "வரலாற்றுத் திருத்தம்" செய்து தருகிறேன் என்று பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குபவர்களும், தங்கள் முன்னோர் பெயரை ராணியின் தளபதியாகச் சேர்த்தால் அச்சுச் செலவை ஏற்கிறேன் என்பவர்களும் இதே ரகம். மூவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இவர்கள் பிழைப்பதற்குக் காரணம் நம் அமைப்புதான். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளை, அதாவது கல்லில் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த படிகளை வைத்திருந்த மத்திய அரசின் அலுவலகம் ஒரு காலத்தில் நமக்குப் பக்கத்தில் ஊட்டியில் இருந்தது. 1966-ல் மைசூருக்குப் போனது. அவற்றைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி 2021-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. நம் கல்லில் நம் எழுத்து, அதன் படியைக் கேட்க நாம் நீதிமன்றம் போக வேண்டும்! இன்னொரு பக்கம் கோயில் சுவர்களைப் பாருங்கள். குடமுழுக்கு என்றால் சுண்ணாம்பு அடிப்பது, மணலைப் பீய்ச்சிச் சுவரைத் தேய்ப்பது, டைல்ஸ் ஒட்டுவது. எழுநூறு வருடம் நின்ற எழுத்து ஒரே வாரத்தில் மழுங்கிவிடுகிறது. கேட்டால் "உபயதாரர் விருப்பம்" என்கிறார்கள். இதையெல்லாம் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

உங்களுக்குச் செலவில்லாத வழி இருக்கிறது. நான் சொன்ன கரூர் ஆணை, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் மூன்றாம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. அந்த வரிசையை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். பத்து ஆணைகளை வாய்விட்டுப் படியுங்கள், ஓலையின் நடை தானாக வந்துவிடும். பேரூருக்கோ அவிநாசிக்கோ நேரில் போனால் எழுத்து தெரிவதற்காகச் சுவரில் மாவோ எண்ணெயோ தடவாதீர்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது வெறும் கண்ணுக்கே தெரியும்.

கடைசியாக வாள். நாட்டை அவள் பொறுப்பில் விட்டிருக்கும்போது அவளும் படையோடு கிளம்பினால் ஊரை யார் பார்ப்பது? முற்றுகை வந்தால் மதிலில் நிற்கட்டும், அது போதும். அவள் மனதைக் காட்ட வேறு காட்சி வேண்டுமானால், அரசரின் வெற்றிக்காகக் கோயிலில் ஒரு நுந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு வைக்கச் சொல்லுங்கள். சோழர் காலத்து வழக்கப்படி ஒரு விளக்குக்கு 96 ஆடு. ஆடுகளை இடையர் பொறுப்பில் விட்டுவிடுவார்கள், அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டி போட்டுப் பெருகுவதால் எண்ணிக்கை குறையாது என்று அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றே எழுதுவார்கள். காங்கயத்துப் பக்கத்துப் பட்டிகளைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை எழுதக் கஷ்டமே இருக்காது. இது ஆணை இல்லை, கொடை. ஆகவே ஆண்டை அரசருடையதாக வைத்து, பெயரை மட்டும் ராணியுடையதாகவே வெட்டச் சொல்லுங்கள்.