கிழங்கு காத்திருக்காது

அன்புள்ள ஐயா,

சேலம் சிவதாபுரத்தில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. எம்.பி.ஏ. முடித்துவிட்டு அப்பாவுடன் சேர்ந்திருக்கிறேன். தீபாவளிக்கும் முகூர்த்த மாதங்களுக்கும் முன்கூட்டியே செய்து இருப்பு வைப்பதா, ஆர்டர் வந்தபின் செய்வதா என்று வீட்டில் விவாதம். சரக்கு தேங்குவதே நஷ்டம், இருப்பைக் குறைத்துத் தேவைக்கேற்பச் செய்யும் டொயோட்டாவைப் பாருங்கள் என்பது என் கட்சி. ஆடியிலும் மார்கழியிலும் ஆட்களைக் குறைத்து, சீசனில் கூட்டிக்கொள்ளலாம் என்கிறேன். அப்பா மறுக்கிறார். இதற்கு ஒரு மென்பொருள் வாங்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

மென்பொருளை முதலில் முடித்துவிடுகிறேன். எந்த டிசைன் எந்த மாதம் எத்தனை கிலோ போனது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் முதலில் நோட்டுப் போடுங்கள்.

"சரக்கு தேங்குவதே நஷ்டம்" என்ற வரிக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச காலமாக இதே யோசனையில் இருக்கிறேன். சேலத்துப் பிள்ளை இதை எழுதலாமா?

என் சித்தப்பா ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஆலையில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், கணக்கு எழுதினார். அரையாண்டு விடுமுறையில் நான் அங்கேதான் கிடப்பேன். ஒருநாள், பிடுங்கி மூன்று நாளான குச்சிக்கிழங்கை (மரவள்ளிதான்) உடைத்துக் காட்டினார். வெள்ளைச் சதைக்குள் நீலமாகக் கோடு ஓடியிருந்தது. "இனி இதுல பாயிண்ட் நிக்காது" என்றார். பாயிண்ட் என்பது மாவுச்சத்தின் அளவு. விலையே அதை வைத்துத்தான். அதனால் லாரி வந்து நின்றால் நடுராத்திரி ஆனாலும் அரைத்தாக வேண்டும். அரைத்த கிழங்குப் பாலை வடிகட்டி, தொட்டியில் தெளியவிட்டு, மாவைக் குலுக்கி மணியாக்கி, வறுத்து, களத்தில் காயப்போட வேண்டும். ஆர்டர் வரட்டும் என்று அங்கே யாரும் உட்கார முடியாது.

ஆர்டர் கொடுப்பவர்கள் மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் இருக்கிறார்கள். சிராவண மாதம், நவராத்திரி என்று அவர்களுடைய விரத நாட்களில்தான் ஜவ்வரிசி அதிகம் போகும். இங்கே கிழங்கு குவிவதோ பனிக்காலத்தில். நடுவில் இருக்கும் மாதங்களுக்கு மூட்டையை அடுக்கித்தான் வைக்க வேண்டும். கையில் காசில்லாத ஆலைக்காரர் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிடுவார். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகு, மூட்டையை அதன் கிடங்கில் வைத்து, அதன்மேல் முன்பணம் வாங்கி, டெண்டரில் விற்க வழி பிறந்தது. சரக்கை வைத்திருந்து விற்கும் தெம்பு சின்ன ஆலைக்கும் கிடைத்தது. அந்த மூட்டைகளை வீண் என்று எந்தப் பாடப்புத்தகம் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

வெள்ளி கெடாது. ஆனால் பணம் முடங்கும், விலை இறங்கினால் அடி விழும், டிசைன் பழசானால் செய்கூலி போய் உருக்கத்தான் வேண்டும். முழுக் கொலுசாக அடுக்கி வைக்காதீர்கள். அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி.

ஆட்களைப் பற்றி எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். டொயோட்டாவைப் பாருங்கள் என்கிறீர்கள். முழுதாகப் பார்த்தீர்களா? 1950இல் அந்தக் கம்பெனி கடனில் மூழ்கி ஆட்களை வெளியே அனுப்பியது. பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. நிறுவனர் கீச்சிரோ டொயோடாவே பதவி விலக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியின் பொறியாளர் டாயிச்சி ஓனோ வளர்த்த முறையில், தினசரி வேலையை முடிந்தவரை சமமாகப் பரப்புவது அடித்தளம். ஒரு மாதம் நெருக்கி, மறுமாதம் விரட்டுவது அந்த முறையே அல்ல. இன்னொன்றும் கேளுங்கள்: 2011 ஜப்பான் பூகம்பத்தில் உதிரி பாகம் கிடைக்காமல் தவித்த பிறகு, மாதக்கணக்கில் சிப் இருப்பு வைக்கச் சொல்லித் தன் சப்ளையர்களிடம் கேட்டதும் அதே டொயோட்டாதான்.

உங்கள் பட்டறையில் வளையம் வளையமாகக் கோத்துப் பற்றவைப்பவரின் கையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நெருப்பு ஒரு நொடி அதிகமானால் வளையம் உருகிவிடும், ஒரு நொடி குறைந்தால் பிடிக்காது. அந்த நிதானம் வர வருஷங்கள் ஆகும். ஆடியில் அவரைப் போகச் சொன்னால் திருப்பூருக்கோ ஜவுளிக் கடைக்கோ போய்விடுவார். ஐப்பசியில் நீங்கள் கூப்பிடும்போது வர மாட்டார். வரவும் வேண்டாம் என்பேன். நம் ஊர் முதலாளிகள் கூலியைச் செலவுக் கணக்கில் எழுதுகிறார்கள், சரி. அந்தக் கையை எந்தக் கணக்கில் எழுதுகிறீர்கள்? உங்கள் திட்டத்தில் வெள்ளிக்கு வட்டி இருக்கிறது, கிடங்குக்கு வாடகை இருக்கிறது. அவர் வீட்டு ஆடி மாதச் சாப்பாடு எங்கே இருக்கிறது?

வேலை குறைந்த மாதங்களில் கம்பி இழுக்கலாம். பல டிசைனுக்கும் பொதுவான வளையம், கொக்கி, சலங்கை மணிகளைச் செய்து வைக்கலாம். ஆர்டர் வந்ததும் கோத்து முடித்துக் கொடுங்கள். முடங்கும் வெள்ளியும் குறையும், ஆட்களுக்கும் வேலை இருக்கும்.

ஆனால் அந்த வெள்ளி உங்களுடையதா, வியாபாரி கொடுத்துக் கூலிக்குச் செய்வதா என்று நீங்கள் எழுதவே இல்லை. கூலி வேலை என்றால் நான் சொன்னதில் பாதி மாறும். ஆடியில் கொஞ்சம் வெள்ளி தரச் சொல்லி வியாபாரியிடம் பேச வேண்டியிருக்கும். அப்பா ஏன் மறுக்கிறார் என்றும் எழுதவில்லை. கேட்டீர்களா? முதலில் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள் தம்பி, பிறகு எனக்கு எழுதுங்கள்.