இடுப்பில் தொடங்கி காலில் இழுக்கும் வலி: கால் விளங்காமல் போய்விடுமா?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன், வயது 44. துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறேன். மூன்று வாரமாக இடது புட்டத்திலிருந்து பாதம் வரை சுரீரென்று இழுக்கிறது, சுண்டுவிரல் மரத்துப்போகிறது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறேன். சர்க்கரையும் உண்டு. கால் விளங்காமல் போய்விடும் என்று யூடியூபில் சொல்கிறார்களே?

பதில்: இது பக்கவாதம் இல்லை. அது மூளையில் வருவது. நீங்கள் சொல்வது சயாட்டிகா போலத்தான் இருக்கிறது. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி, காலுக்கு இறங்கும் நரம்பின் வேரை அழுத்துகிறது. பெரும்பாலும் கடைசி இரண்டு டிஸ்குகளில்தான் இது நடக்கும். கோளாறு இடுப்பில், வலி காலில். இருமினாலும் தும்மினாலும் மின்சாரம் பாய்ந்த மாதிரி இழுக்கிறதா என்று கவனியுங்கள். எண்ணூர் சாலை வரிசையில் மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டு கேபினிலிருந்து தொப்பென்று குதிப்பது இந்த இடுப்புக்கு ஆகாது.

பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். சுண்டுவிரல் மரப்பு மட்டும் என்றால் பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறொன்று. கழிவறையில் மலம் கழித்துவிட்டுக் கழுவும்போது தண்ணீர் படுவது தெரிகிறதா? ஆசனவாயைச் சுற்றியோ தொடையிடுக்கிலோ உணர்ச்சி குறைந்தாலும், சிறுநீர் வராமல் அடைத்தாலும், தெரியாமல் கசிந்தாலும், இரண்டு கால்களும் தளர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடு இரவானாலும் ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் இதையே சொல்லுங்கள். முதுகெலும்பின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்கினால் இப்படி வரும். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். வலி குறைவாக இருக்கிறதே என்று ஏமாறவும் கூடாது. குதிகாலில் நடந்து பாருங்கள். பாதம் தூக்க வராமல் செருப்பு நுனி தரையில் தட்டினால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

அந்த மாத்திரையை முதலில் நிறுத்துங்கள். சர்க்கரை உள்ளவர் சீட்டு இல்லாமல் வாரக்கணக்கில் வலி மாத்திரை போட்டால் கிட்னி கெடலாம், வயிறு புண்ணாகலாம். நரம்பெடுத்து விடுகிறேன் என்று இடுப்பில் ஏறி மிதிப்பவர்களிடமும் போகாதீர்கள். படுத்தே கிடக்கவும் வேண்டாம், முடிந்தவரை நடங்கள். வரிசையில் நிற்கும்போது இறங்கி நாலு எட்டு வையுங்கள். கேபினிலிருந்து படியில் காலூன்றி இறங்குங்கள். இந்த வாரமே டாக்டரிடம் காட்டி, சர்க்கரையையும், கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையையும் பார்த்த பிறகு அவர் எழுதுவதை மட்டும் சாப்பிடுங்கள்.