கூரைமேல் ஒரு கண்ணாடி அறை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய வீடுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் வேலை. போகிற வழியில் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே ஒரு பண்ணை வீடு இருக்கிறது. செங்கல் சுவர், ஒல்லியான உயரமான ஜன்னல்கள், கூரையின் உச்சியில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது. நானும் மனைவியும் உள்ளே போய்ப் பார்த்தோம். ஆறு படங்கள் இணைத்திருக்கிறேன்.

இதை 'இட்டாலியனேட்', அதாவது இத்தாலிய வீடுகளின் சாயலில் கட்டும் பாணி என்கிறார்கள். ஆனால் கட்டியவர் இத்தாலிக்காரர் இல்லை. அப்படியானால் இது வெறும் நகல்தானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வரிப் பதிவேட்டில் கட்டிய வருஷம் 1900 என்று இருக்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரரோ, தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளுக்கு வழிகாட்ட அந்தக் கண்ணாடி அறையில் இரவெல்லாம் விளக்கு எரிந்தது என்கிறார். எதை நம்புவது? அந்த அறை உண்மையில் எதற்கு? வாங்கலாமா?

எஸ்., ஒஹாயோ

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதிலேயே நேற்று மாலை முழுக்கப் போயிற்று. ஐந்தாவது படத்திலிருந்து தொடங்குகிறேன். கண்ணாடி அறைக்கு ஏறும் படியருகே கூரைச் சட்டங்களை எடுத்திருக்கிறீர்கள். மரத்தின் மேல் வில் வில்லாகக் கீறல்கள் தெரிகின்றன. வட்ட ரம்பத்தில் அறுத்த மரம் அது. அதற்கு முந்தைய மில்களில் ரம்பம் மேலும் கீழுமாக ஓடும். கீறல்கள் நேர்கோடுகளாக விழும். அதே படத்தின் ஓரத்தில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது. அதன் உடம்பு சதுரம். இரும்புத் தகட்டிலிருந்து வெட்டி எடுத்த ஆணி. இன்று நாம் பார்க்கும் உருண்டைக் கம்பி ஆணி 1890-களில்தான் அமெரிக்கச் சந்தையைப் பிடித்தது. ஆக, இந்த மரமும் ஆணியும் 1900-ஐ ஒப்புக்கொள்ளவில்லை. பல இடங்களில், கட்டிய வருஷம் தெரியாத பழைய வீடென்றால் வரிப் பதிவேட்டில் 1900 என்று போட்டுவிடுவது வழக்கம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் கணிப்பு 1865-க்கும் 1880-க்கும் இடையில். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–65) தானிய விலை ஏறி வடக்கத்தி விவசாயிகள் பலர் கையில் காசு சேர்ந்தது. மரக்குடிலிலோ சின்ன மரச்சட்ட வீட்டிலோ இருந்தவர்கள் செங்கல் வீடு கட்டிய காலம் அது. உறுதி செய்ய மாவட்ட நீதிமன்றக் கட்டடத்துக்குப் போங்கள். பழைய நிலவரி ஏடுகளை வருஷ வாரியாகப் புரட்டினால், அந்தப் பண்ணையின் மதிப்பு ஒரு வருஷத்தில் திடீரென்று எகிறியிருக்கும். வீடு எழும்பியது அப்போதுதான். 1870-களில் ஒஹாயோ மாவட்டங்கள் பலவற்றுக்கு நிலப்படத் தொகுப்புகள் அச்சாயின. அவையும் உங்களுக்கு உதவும். ஒவ்வொரு பண்ணைமீதும் உடைமையாளர் பெயர், வீட்டுக்கு ஒரு சின்னக் கட்டம். காசு கொடுத்தவர்களின் வீடு முழுப்பக்கப் படமாகவே வந்திருக்கும்.

விளக்குக் கதையை நான் லேசாக ஒதுக்கவில்லை. ஒஹாயோ ஆற்றுக்குத் தெற்கே கென்டக்கி, அங்கே அடிமை முறை. தப்பியவர்கள் வடகரையில் கால் வைத்தாலும் பிடித்துக்கொண்டு போகச் சட்டம் இருந்தது. ரிப்ளி என்ற ஆற்றங்கரை ஊரில் ஜான் ராங்கின் என்ற பாதிரியாரின் வீடு இன்றும் குன்றின்மேல் நிற்கிறது. தப்பி வந்தவர்களுக்கு அந்தக் குடும்பம் அடைக்கலம் கொடுத்தது வரலாறு. ஆனால் அது 1820-களில் கட்டிய எளிய வீடு; கண்ணாடிக் கூண்டெல்லாம் கிடையாது. அடிமை முறையை ஒழித்த, அமெரிக்க அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் 1865 டிசம்பரில் நிறைவேறியது. உங்கள் வீடு அதற்குப் பிறகு கட்டியதென்றால் அங்கே யாருக்காக விளக்கு எரிந்திருக்கும்? உயிரைப் பணயம் வைத்து நடந்தவர்களின் கதையைப் பொருந்தாத வீட்டில் ஏற்றி வைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பது என் எண்ணம். வரி ஏடு 1865-க்கு முந்தைய வருஷத்தைக் காட்டினால் பக்கத்து வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து முழுக்கக் கேளுங்கள்.

இனி இத்தாலி. கதை ஓவியத்தில் தொடங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிளாட் லொரெய்னின் நிலக்காட்சி ஓவியங்களை ஆங்கிலேயப் பிரபுக்கள் வாங்கிக் குவித்தார்கள். அந்த ஓவியங்களின் மூலையில் ஒரு கோபுரமும் தாழ்ந்த கூரையுமாக வீடுகள் நிற்கும். அதை நிஜத்தில் பார்க்க ஆசைப்பட்டார்கள். ஜான் நாஷ் 1802-ல் ஷ்ராப்ஷயரில் கட்டிய கிராங்க்ஹில் வீட்டை இந்தப் பாணியில் முதலாவது என்பார்கள். ஒரு பண்ணையின் மேலாளருக்காகக் கட்டியது அது.

அமெரிக்காவில் இதைப் பரப்பியவர் ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங், ஹட்சன் ஆற்றங்கரையில் நாற்றுப்பண்ணை வைத்திருந்தவர். 1842-லும் 1850-லும் அவர் வெளியிட்ட வீட்டு வரைபட நூல்கள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. 1852-ல் ஹட்சனில் நீராவிக் கப்பல் தீப்பிடித்தபோது இறந்தார், வயது 36. அவர் நூல்களுக்குப் படம் வரைந்த அலெக்சாண்டர் ஜாக்சன் டேவிஸ்தான் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் ஆளுநர் மோர்ஹெட்டின் பழைய பண்ணை வீட்டுக்கு முன்னால் 1844-ல் ஒரு கோபுரத்தை எழுப்பி, பிளாண்ட்வுட் மாளிகையாக மாற்றினார்.

ஓவியங்களில் வந்த அந்த வீடு இத்தாலியில் என்னவாக இருந்தது தெரியுமா? டஸ்கனியில் விவசாயி வீட்டின் கீழ்த்தளத்தில் மாடுகள். அவற்றின் உடல்சூடு மேலே குடும்பம் படுக்கும் அறைகளுக்கு ஏறும். உச்சியில் துருத்தி நிற்கும் கோபுரம் பல வீடுகளில் புறாக்கூண்டு. கறிக்கும் எருவுக்கும் புறா. நிலம் அவனுடையதில்லை. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. இந்த வாரமுறையில் புது ஒப்பந்தங்களை இத்தாலியச் சட்டம் தடுத்ததே 1964-ல்தான். அந்தக் குடியானவன் வீட்டின் சாயல், ஓவியத்துக்குள் புகுந்து, இங்கிலாந்து சுற்றி, தன் சொந்த நிலத்தில் நின்ற ஒஹாயோ விவசாயியின் வீட்டில் வந்து ஏறியிருக்கிறது. இதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டஸ்கனியில் கல்லாக இருந்தது இங்கே செங்கலும் மரமும் ஆயிற்று. ஊர்த் தச்சன் புத்தகப் படத்தைப் பார்த்து, நீராவி மில்லின் ஜிக்சா ரம்பத்தில் கூரை விளிம்பின் தாங்கிகளை வளைத்து வளைத்து அறுத்தான். புறாக்கள் இருந்த இடத்தில் கண்ணாடி வந்தது.

அந்த அறை வீட்டின் மூச்சுக்குழாய். கோடையில் மேல் ஜன்னல்களைத் திறந்தால் சூடான காற்று படிக்கட்டு வழியே ஏறி வெளியேறும். கீழ் ஜன்னல்களில் குளிர்ந்த காற்று உள்ளே வரும். மின்விசிறி இல்லாத காலத்து ஏற்பாடு. நிலம் முழுக்க அங்கிருந்து தெரியும் என்பதும் கட்டியவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். ஜூலையில் ஒருநாள் திறந்து பாருங்கள்.

வாங்கலாமா என்று கேட்டீர்கள். அதற்கு நாலாவது படம். அகலமான இறவாணத்தின், அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பின் அடியில் வரிசையாக இரட்டை இரட்டையாக மரத்தாங்கிகள். வடகிழக்கு மூலையில் ஒன்று மட்டும் காணோம். அது இருந்த இடத்தில் பெயிண்ட் படாத மரம் அதே வளைவோடு நிழல்போலத் தெரிகிறது. அதற்கு நேர் கீழே செங்கலில் வெள்ளை உப்புப் பூத்திருக்கிறது. அது தண்ணீர்.

இத்தாலியில் ஓடுகளை ஆணியடிக்காமல் அடுக்குவதால் கூரை தாழ்வாகத்தான் இருக்க முடியும். சரிவு கூடினால் ஓடு வழுக்கும். அந்தச் சரிவு ஒஹாயோவின் பனிக்கு வந்தபோது தகரம் வேய்ந்து சமாளித்தார்கள். மழைத்தண்ணீர் வழியும் வாய்க்காலை வெளியே தொங்கவிட்டால் அழகு கெடும் என்று, இறவாணத்துக்குள்ளேயே மரத்தொட்டி போலச் செய்து தகரம் பதித்தார்கள். தகரத்தில் ஒரு ஓட்டை விழுந்தால் போதும், தண்ணீர் மரத்துக்குள் இறங்கும், தாங்கி உளுத்து விழும், பிறகு சுவர். இந்த வீடுகள் பெரும்பாலும் சாவது இந்த இடத்தில்தான். சரிசெய்யச் செலவாகும் என்று இறவாணத்தையே வெட்டி, தாங்கிகளைப் பிடுங்கி, வினைல் பலகை அடித்து மூடிய வீடுகளை உங்கள் ஊர்ப்பக்கமே பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஆகவே விலை பேசும் முன் அந்த மூலைத் தொட்டியைப் பழைய கூரை வேலை தெரிந்த ஒருவரை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற மூலைகள் காய்ந்திருந்தால் வாங்குங்கள். செங்கல் இடுக்குகளைப் புதிதாக அடைக்கும்போது சிமெண்ட் வேண்டவே வேண்டாம். அக்காலச் செங்கல் மிருதுவானது. சுண்ணாம்புக் கலவை ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அடைத்துக்கொள்ளும், உள்ளே நின்ற ஈரம் பனிக்காலத்தில் உறைந்து செங்கலின் முகத்தையே உரித்துவிடும்.

இன்னொன்று, அவசரம். அந்த மூலைக்கு யாரும் பெயிண்ட் அடிக்கும் முன் ஏணி வைத்து ஏறி, தாங்கியின் நிழலை ஒரு தாளில் அப்படியே வரைந்து எடுத்து வையுங்கள். அதன் ஜோடி பக்கத்திலேயே இருக்கிறது, கனத்துக்கு அதை அளந்தால் போதும். ஒரு தச்சருக்கு ஒரு நாள் வேலை.

அன்புடன்