பிக்கப் வண்டியில் ஏ.சி. ஓடும்போது ஓரளவு குளிர்கிறது, நின்றால் அனல் வருகிறது. இரண்டு தடவை கேஸ் ஏற்றியும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?

மூன்றாம் தடவை கேஸ் ஏற்றப் போய்விடாதீர்கள். நான் போனேன், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

ஓடும்போது குளிர்ந்து, நின்றால் குளிரவில்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று முன்பக்கம் இருக்கும் கண்டன்சரில் (ஏ.சி. கேஸின் சூட்டை வெளியே விடும், ரேடியேட்டர் மாதிரியான பகுதி) அடித்துச் சூட்டை வெளியே தள்ளிவிடும். நின்றதும் அந்த வேலை முழுவதையும் ஃபேன்தான் பார்க்க வேண்டும். ஃபேன் மெதுவாகச் சுற்றினாலோ, கண்டன்சர் அடைத்துக் கிடந்தாலோ சூடு போக வழியில்லை. உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்களும் மண் பாதையில் லோடு ஏற்றுகிறவராகத்தான் இருப்பீர்கள்.

நான் மெக்கானிக் இல்லை. திசையன்விளை, இட்டமொழி பக்கம் முருங்கைக்காய் ஏற்றி 11 வருடமாகப் பிக்கப் ஓட்டுகிறேன். டிரைவருக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். காசு கொடுத்துக் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் வேறு வண்டி கிடையாது. அம்மாவை மாதம் ஒருமுறை பாளையங்கோட்டைக்கு ஆஸ்பத்திரிக்கு இந்தப் பிக்கப்பில்தான் கூட்டிப் போகிறேன். போன வருடம் சித்திரையில் ஒருநாள் சமாதானபுரம் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். உள்ளே அனலாக வீசுகிறது. கண்ணாடியை இறக்கினால் அதைவிட மோசம். அம்மாவுக்குத் தலை சுற்றி, அப்படியே கதவில் சாய்ந்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அதற்கு முன்பே இரண்டு தடவை கேஸ் ஏற்றியிருந்தேன். மறுநாள் மூன்றாவது தடவை. மூன்றும் சேர்த்து ஐயாயிரத்துக்கு மேல் போயிற்று. ஒருமுறைகூட லீக் இருக்கிறதா என்று பார்க்கவில்லை, பழைய கேஸை எடை போடவில்லை, குழாயைச் சொருகித் தட்டிவிட்டு அனுப்பினார்கள். ஏ.சி. கேஸ் டீசல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். இது தெரிந்திருந்தால் முதல் தடவையே கேட்டிருப்பேன்.

கடைசியில் வள்ளியூரில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானட்டைக்கூட உடனே திறக்கவில்லை. வண்டியை ஸ்டார்ட்டில் வைத்து ஏ.சி.யைப் போடச் சொன்னார். டேஷ்போர்டு காற்று வரும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகினார். 21 டிகிரி. அப்புறம் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து முன் கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் மெதுவாக ஊற்றினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே 13க்கு இறங்கியது. "பாத்தியளா தம்பி, உள்ள எல்லாம் சரியாத்தான் இருக்கு. சூடு போகத்தான் வழியில்ல" என்றார். கேஸ் அழுத்தத்தை அளக்கும் கேஜை மாட்டியபோது நின்ற நிலையில் அழுத்தம் 300 பி.எஸ்.ஐ.யைத் தாண்டியது, அது ரொம்ப அதிகம். "கேஸ வேற கூட ஏத்திட்டாவல்லா."

கேஸ் கூடினாலும் குளிர் குறையும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்டன்சரில் திரவம் தேங்கிவிட்டால் சூட்டை விட அதற்கு இடம் போதாது. அழுத்தம் ரொம்ப ஏறினால் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரே நின்றுவிடும்.

கண்டன்சரைக் கழற்றி எடுத்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தேரிச் செம்மண் (எங்கள் பக்கத்துச் சிவப்பு மணல்மேட்டு மண்) அப்பிக் காய்ந்து செங்கல் மாதிரி இருந்தது. ஆடிக் காற்றில் எங்கள் பக்கம் அந்த மண் எப்படிப் பறக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும், அடைப்பு பின்பக்கம். பின்பக்கமிருந்து முன்னோக்கி லேசான அழுத்தத்தில் தண்ணீர் அடித்தார். வாட்டர் சர்வீஸ் பம்பை நேராக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும். ஃபேன் மோட்டாரில் கார்பன் தேய்ந்திருந்தது, மாற்றினார். கேஸில் சேரும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றி, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க அரைமணி நேரம் வேக்யூம் போட்டு, பானட்டுக்குள் ஸ்டிக்கரில் எழுதியிருந்த கிராம் கணக்குக்கே எடை வைத்துக் கேஸ் ஏற்றினார். நின்ற நிலையில் 10 டிகிரி வந்தது.

இன்னும் சில சின்ன விஷயம். கியர் லீவரைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருந்தால் இன்ஜின் சூடு நேராகக் காலடியில் ஏறும், அதைப் பாருங்கள். கேபின் ஃபில்டர் இருந்தால் கழற்றித் தட்டுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் முதல் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கி ஓட்டி, பிறகு மூடி, உள்காற்றையே சுற்றவிடும் பட்டனைப் போடுங்கள்.

நிழலில் நிறுத்து என்றும் சிலர் சொல்வார்கள். எங்கே நிறுத்துவது? தென்காசி சாலையை நான்கு வழியாக்கும்போது ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் எத்தனை பெரிய மரங்களை வெட்டினார்கள்! சந்தையில் லோடு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் அந்த மரத்தடிகளில்தான் நாங்கள் சாப்பிட்டுப் படுத்தோம். புதுக் கன்று வளர்ந்து நிழல் தர என் பிள்ளைகள் காலம் ஆகிவிடும்.

அதைவிட மனதில் குத்துவது "லோடு வண்டிக்கு எதற்கு ஏ.சி.?" என்ற பேச்சு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட (வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை) சரக்கு வண்டிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் 3.5 டன் வரையிலான பிக்கப் அதில் வரவில்லை. 40 டிகிரி வெயில் சின்ன வண்டி, பெரிய வண்டி பார்த்தா அடிக்கிறது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கே மதிய வெயிலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், கையை மட்டும் ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். குளிர் வந்தால் கழுவலும் ஃபேனும்தான் வேலை. வரவில்லை என்றால் கேஜ் மாட்டச் சொல்லி, அழுத்தம் கூடின பக்கம், குறைந்த பக்கம் என்று இரண்டு பக்க அழுத்தத்தையும் குறித்துக்கொண்டு வந்து எழுதுங்கள். கம்ப்ரஸரா, கசிவா என்று அதை வைத்துத்தான் பேச முடியும்.