டி அண்ட் டி தவிர வேறு எதை வாங்கலாம்?

கேள்வி: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதையை ஆடும் ரோல் பிளேயிங் கேம் என்றாலே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைத்தான் (டி அண்ட் டி) சொல்கிறார்கள். வேறு எதுவும் அந்த இடத்துக்கு வந்திருக்க முடியாதா?

பதில்: முடியும். சில நாடுகளில் வந்தும் இருக்கிறது. அமெரிக்காவில் 1974இல் டி அண்ட் டி முந்திக்கொண்டது. மற்ற இடங்களில், உள்ளூர் மொழியில் யார் கைக்கெட்டும்படி கொண்டுவந்தார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். ஸ்வீடனில் 1982இல் வந்த 'டிராகர் ஓக் டெமோனர்' அப்படித்தான் வளர்ந்தது. ஜெர்மனியில் 1984இல் 'தாஸ் ஷ்வார்ட்சே அவுகே'யை வெளியிட்ட ஷ்மிட் ஸ்பீலே, லூடோ மாதிரியான குடும்ப விளையாட்டுகளை விற்றுவந்த நிறுவனம். பொம்மைக் கடை அலமாரி அதன் கையில் இருந்தது. ஜப்பானின் 'சோர்ட் வேர்ல்ட்' (1989) பையில் அடங்கும் சின்னப் புத்தகம். எந்த வீட்டிலும் இருக்கும் இரண்டு ஆறுமுகப் பகடைகள் போதும்.

பகடையைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 1970களின் கடைசியில் பலமுகப் பகடை கிடைக்காமல், டி அண்ட் டி பெட்டிக்குள்ளேயே வெட்டி எடுக்கும் எண் அட்டைகளை வைத்து விற்றார்கள்.

விதிகளை மட்டும் பார்த்தால் முதலிடத்துக்குத் தகுதியானது கேயாசியம் நிறுவனத்தின் ரூன்குவெஸ்ட் (1978). வாள் திறமை 45 என்றால், நூறுக்குப் பகடை போட்டு 45க்குள் விழ வேண்டும். புதியவருக்கு ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும். ஜெயித்த திறமைக்குப் பக்கத்தில் ஒரு டிக். ஆட்டம் முடிந்ததும் மறுபடி உருட்டி, இருக்கும் எண்ணுக்கு மேல் விழுந்தால் திறமை கூடும். பயன்படுத்தியதுதான் வளரும் என்பது எவ்வளவு நியாயம்! சண்டையில்தான் சறுக்கியது. தாக்கு, தடுப்பு, காயம், எந்த உறுப்பு, அங்குள்ள கவசத்தைக் கழி என்று ஒவ்வொரு வெட்டுக்கும் கணக்கு நீளும்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர், புதியவர்கள். எதில் தொடங்கலாம்?

பதில்: ரூன்குவெஸ்டின் விதிக் குடும்பத்தில் பிறந்த 'கால் ஆஃப் கதுலு'வில். தடயம் தேடித் துப்பறியும் திகில் ஆட்டம் இது. கேயாசியம் தளத்தில் விரைவுத் தொடக்கப் பிடிஎஃப் இலவசம். 'தி ஹான்டிங்' என்ற கதையும் அதிலேயே உண்டு. ஒருவர் கதையை நடத்துபவர், மூவர் ஆட்டக்காரர்கள். தனியாகப் பழகிப் பார்க்க 'அலோன் அகெய்ன்ஸ்ட் தி ஃப்ளேம்ஸ்' பிடிஎஃப்பும் இலவசம்தான். பணம் போடுவதற்கு முன் இவை இரண்டையும் ஆடிப் பாருங்கள்.

இதிலும் நூறுக்குத்தான் உருட்ட வேண்டும், அதற்கு இரண்டு பத்துமுகப் பகடைகள் தேவை. வாங்கும்போது 00 முதல் 90 வரை அச்சிட்டது ஒன்று, 0 முதல் 9 வரை உள்ளது ஒன்று என்று பார்த்து வாங்குங்கள். ஒரே நிறத்தில் ஒரே மாதிரி இரண்டு வாங்கினால், எது பத்துகளின் இடம், எது ஒன்றுகளின் இடம் என்று ஒவ்வொரு முறையும் சண்டைதான். இரண்டும் சுழியம் காட்டினால் அது 100, மோசமான தோல்வி.

கால் ஆஃப் கதுலுவின் பழைய புத்தகம் மலிவாகக் கிடைத்தால் பதிப்பைப் பாருங்கள். ஆறாம் பதிப்பு வரை பலம் 13 என்று இருக்கும். ஏழாம் பதிப்பில் அதே ஆள் 65. ஐந்தால் பெருக்கிக்கொண்டால் பழைய கதைகளையும் ஆடலாம்.

எதற்கும் சண்டைக்குப் போகும் டி அண்ட் டி பழக்கத்தில் துப்பாக்கியைத் தூக்காதீர்கள். கதாபாத்திரத்தின் உயிர்ப்புள்ளி (அடி தாங்கும் அளவு) பெரும்பாலும் 10, 12தான். ஒரு ரிவால்வர் குண்டு 1 முதல் 10 வரை பறிக்கும். நடத்துபவருக்கும் ஒன்று: கதை நகர அவசியமான தடயத்தைப் பகடையில் விடாதீர்கள், தேடினாலே கொடுத்துவிடுங்கள். அந்த உருட்டல் தோற்றால் மூவரும் பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நிற்பார்கள்.