ரிக்குன்ஷிதோவைச் சுண்டெலிக்கு எந்த அளவில், எந்த வழியில் கொடுப்பது?

ஜப்பானின் தொயாமா நகரில் மருந்தியல் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கும் வாசகி ஒருவர் எழுதுகிறார்: "சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்தால் பசி இழந்த சுண்டெலிகளில் ரிக்குன்ஷிதோ என்னும் காம்போ (ஜப்பானிய மரபுவழி மூலிகை மருத்துவ) மருந்தைச் சோதிக்கப் போகிறேன். கிலோ உடல் எடைக்கு 1 கிராம் வரும்படி தீவனத்தில் கலந்து கொடுத்தால் போதும் என்கிறார் ஆய்வகத்தின் மூத்த மாணவர். இந்த அளவு மிக அதிகமோ என்று தயங்குகிறேன்."

அளவைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. தீவனத்தில் கலப்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

ஜப்பானில் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் ரிக்குன்ஷிதோ குருணையின் ஒரு நாள் அளவான 7.5 கிராமில், மூலிகைகளைக் கொதிக்கவைத்து வடித்து உலர்த்திய சாறு 4 கிராம்தான் இருக்கிறது. மீதி லாக்டோஸ் போன்ற துணைப்பொருட்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது கிலோவுக்குச் சுமார் 67 மில்லிகிராம் ஆகிறது. உடற்பரப்பை அடிப்படையாகக் கொண்டு மனித அளவை விலங்குக்கு மாற்றும்போது, சுண்டெலிக்கு 12.3 ஆலும் எலிக்கு 6.2 ஆலும் பெருக்குவது வழக்கம். அப்படிப் பார்த்தால் சுண்டெலிக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 820 மில்லிகிராம் வருகிறது. ஆகவே 1 கிராம் என்பது நோயாளி அருந்தும் அளவை ஒட்டியதே. அதே 1 கிராமை எலிக்குக் கொடுத்தால் மனித அளவைப் போல இரண்டரை மடங்கை நெருங்கிவிடும் என்பதால், எலிகளில் நடந்த ஆய்வின் எண்ணை அப்படியே எடுத்தாள வேண்டாம். உலர்சாற்றை எடை போடுகிறீர்களா, குருணையையா என்பதையும் தெளிவாகக் குறித்துவையுங்கள். குருணையில் 1 கிராம் எடுத்தால் அதில் மருந்து பாதியளவே இருக்கும். 250, 500, 1000 மில்லிகிராம் என மூன்று அளவுகளை வைத்துக்கொண்டால், அளவு கூடக்கூட விளைவும் கூடுகிறதா என்பது தெரியும்.

இனித் தீவனத்துக்கு வருவோம். நீங்கள் அளக்கப்போவது சுண்டெலி எவ்வளவு உண்கிறது என்பதை. பசியற்ற விலங்கு குறைவாக உண்ணும். குறைவாக உண்பதால் மருந்தும் குறைவாகவே உள்ளே போகும். சற்றுத் தேறிய விலங்குக்கோ மருந்து கூடுதலாகச் சேரும். எது காரணம், எது விளைவு என்று பின்னர் எந்தப் புள்ளியியலாலும் பிரித்தெடுக்க முடியாது. மருந்தின் கசப்பும் மணமும் தீவனத்தின் சுவையை மாற்றிவிடும் என்பது இன்னொரு சிக்கல். எனவே உலர்சாற்றைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, குழாய் மூலம் நேரே வயிற்றுக்குள் செலுத்துங்கள். கிலோவுக்கு 10 மில்லிலிட்டர் கொள்ளளவைத் தாண்ட வேண்டாம். குழாய் செலுத்துவதே விலங்குக்கு அழுத்தம் தந்து உணவைக் குறைக்கும் என்பதால், மருந்தில்லா நீரைப் பெறும் குழுவுக்கும் அதே முறையில், அதே நேரத்தில் செலுத்த வேண்டும். சில நாட்கள் முன்பிருந்தே பழக்குவது நல்லது.

ரிக்குன்ஷிதோவில் எட்டு மூலிகைப் பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான அட்ராக்டிலோடிஸ் கிழங்கில் எந்த இனத்தைச் சேர்ப்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. ஆகையால் தயாரிப்புத் தொகுதி எண்ணையும், அந்தத் தொகுதியின் வேதிக்கூறுகளைக் காட்டும் திரவ நிறப்பகுப்புப் படத்தையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, ஆய்வு முழுவதற்கும் ஒரே தொகுதியைப் பயன்படுத்துங்கள்.

கூண்டு ஏற்பாட்டைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. காம்போ மருந்துகளின் கூறுகள் பலவும் குடல் பாக்டீரியாக்கள் மாற்றியமைத்த பிறகே செயல்படுகின்றன. ரிக்குன்ஷிதோவில் உள்ள அதிமதுரத்தின் கிளைசிரைசினும் ஜின்செங்கின் சபோனின்களும் அவ்வகையைச் சேர்ந்தவை. சுண்டெலிகள் தம் கழிவையும் கூண்டுத் துணையின் கழிவையும் உண்பவை என்பதால் ஒரே கூண்டில் வாழ்பவற்றின் குடல் பாக்டீரியாக்கள் ஒத்துப்போய்விடுகின்றன. மருந்து பெறுபவற்றையும் பெறாதவற்றையும் ஒரே கூண்டில் வைத்தால், கழிவு வழியாக மருந்தின் மிச்சமும் பாக்டீரியாக்களும் கைமாறும். ஒவ்வொரு குழுவுக்கும் பல கூண்டுகளை ஒதுக்கி, கணக்கிடும்போது கூண்டையே ஓர் அலகாகக் கொள்ளுங்கள்.

அளவிட வேண்டியவற்றுள் கிரெலின் உங்களுக்கு இன்றியமையாதது. பசியைத் தூண்டும் இந்த ஹார்மோனைக் கொஜிமா, கங்காவா ஆகிய ஜப்பானிய அறிஞர்கள் 1999இல் கண்டறிந்தனர். சிஸ்பிளாட்டின் கொடுத்த எலிகளில் குறைந்துபோகும் கிரெலினை ரிக்குன்ஷிதோ மீட்கிறது என்றும், உடலில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோடோனினின் ஏற்பிகளில் இரு வகைகளை அதன் ஃபிளேவனாய்டுகள் தடுப்பது இதற்கு ஒரு காரணம் என்றும் 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் செயல்படும் வடிவமான அசைல் கிரெலின் இரத்தத்தில் விரைவாகச் சிதைவது. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏவும் புரதச் சிதைவைத் தடுக்கும் அப்ரோட்டினினும் கலந்த குழாயில், பனிக்கட்டி மேல் வைத்து இரத்தத்தைச் சேகரித்து, பிளாஸ்மாவைப் பிரித்த உடனே ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து உறையவைக்காவிட்டால், நீங்கள் பெறும் எண்ணுக்கு மதிப்பில்லை.

சுண்டெலிக்கும் எலிக்கும் வாந்தி எடுக்க இயலாது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். அவை களிமண்ணை உண்பதை வைத்துக் குமட்டலை மறைமுகமாக ஊகிக்கலாம், அவ்வளவே. அவற்றுக்கு வயிற்றின் அசைவை நடத்தும் மோட்டிலின் ஹார்மோனும் கிடையாது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1987 முதல் வாந்தி ஆய்வுக்குப் பயன்படுத்திவரும் சங்கஸ், நம் வீடுகளில் திரியும் மூஞ்சூறுதான்; அது வாந்தி எடுக்கும், அதற்கு மோட்டிலினும் உண்டு. உங்கள் கேள்வி வயிற்றின் அசைவை நோக்கித் திரும்புமானால், பேராசிரியரிடம் இந்த விலங்கைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

மருந்துக் கலவை பழுப்பாக இருப்பதால் செலுத்துபவருக்கு எது மருந்து என்பது தெரிந்துவிடும். தீவனத்தை எடை போடுபவர் வேறொருவராக, குழு விவரம் அறியாதவராக இருக்கட்டும்.

முடிவை எழுதும்போது கொஷாஜின்கிகானின் வரலாற்றை மறக்க வேண்டாம். ஆக்சாலிபிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து தரும் நரம்புப் பாதிப்பை இந்தக் காம்போ மருந்து எலிகளில் தணித்தது. ஆனால் குடல் புற்றுநோயாளிகள் 182 பேரிடம் போலி மருந்துடன் ஒப்பிட்டு நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பிடத்தக்க நரம்புப் பாதிப்பு கொஷாஜின்கிகான் பெற்றவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் போலி மருந்து பெற்றவர்களில் 31 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டதால், இடைக்கணக்கிலேயே அது நிறுத்தப்பட்டது. மருந்து எந்த வழியில் செயல்படக்கூடும் என்பதையே உங்கள் சுண்டெலிகள் சொல்லும். காம்போ மருத்துவர் நாடி, நாக்கு, வயிறு பார்த்துத் தீர்மானிக்கும் நோயாளியின் நிலையை அவற்றில் உருவாக்க இயலாது.

சிஸ்பிளாட்டின் விலங்குக்கு உண்மையான துன்பம் தருவது. எத்தனை விழுக்காடு எடை குறைந்தால் விலங்கை ஆய்விலிருந்து விலக்கி வலியின்றி முடிவு காண்பீர்கள் என்பதைப் பல்கலைக்கழக விலங்கு ஆய்வுக் குழுவுக்கான விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். 20 விழுக்காடு பலரும் ஏற்கும் எல்லை, ஆயினும் உணவு உட்கொள்ளல் மட்டுமே உங்கள் அளவீடு என்றால் 15இலேயே நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து.